கல்கிசையில் ஒரு கடற்கரைப் பொழுது

கொழும்பு மாநகரில் முப்பது ஆண்டுகள் குடியிருந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவரிடம், "உங்கள் ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளவத்தை என்று அவர் ஒருபோதும் சொல்லார். உரும்பிராய் என்பார், வேலணை என்பார், கரவெட்டி என்பார். வீடு இங்கே, உத்தியோகம் இங்கே, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து படித்ததும் இங்கே. ஆயினும் நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கியதும், "ஊருக்குப் போகவேண்டும்" என்று புகையிரதத்தில் ஆசனம் பதியத் தொடங்கிவிடுவார். கொழும்பு அவருக்கு என்றும் வெளியூர்தான். இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

வெளியூரில் வாழ்வோருக்குக் கடற்கரை பெரியதோர் ஆறுதல் என்பார்கள். வெள்ளவத்தையிலோ, கடல் ஒவ்வோர் ஒழுங்கையின் அந்தத்திலும் இருக்கின்றது. ஆனால் கால் நனைப்பவர் மிகச் சிலர். காலி வீதியிலிருந்து இறங்கிப் போனால் முதலில் கரையோர வீதி. அதனை அடுத்துப் புகையிரதப் பாதை. அதற்கு அப்பால், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற் பாறைகள். அவற்றின்மேல் மாலையில் இளைஞர் சிலர் அமர்ந்திருப்பர். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் வந்து தர்ப்பணம் செய்வர். மற்றைய நாட்களில், மாடி வீட்டின் ஆறாந் தட்டிலிருந்து பார்ப்பதற்கு நீலமாக ஏதோ ஒன்று இருக்கிறது என்பதோடு எம்மவருக்கும் கடலுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகின்றது.

கொட்டாஞ்சேனையார் நிலைமை இன்னும் வேடிக்கையானது. அவர்கள் வாழ்வதே கடலை அண்டித்தான். கப்பலின் ஊதலைக் கேட்டுக் கண் விழிப்பவர்கள் அவர்கள். ஆனால், 1875 ஆம் ஆண்டில், பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னராகிய வேல்ஸ் இளவரசர் கொழும்பின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். அதன்பின் துறைமுகம் வளர வளரக் கரை முழுவதும் மதிலுக்குள்ளே போயிற்று. இன்று கொட்டாஞ்சேனைச் சிறுவன் ஒருவன் கடலிற் குளிக்க விரும்பினால், புகையிரதமேறித் தெற்கே வரவேண்டும்.

அவ்வாறு வந்தவர்களோடுதான் நாம், 2024 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு கழிந்த முதற் சனிக்கிழமையன்று, கல்கிசைக் கடற்கரையில் ஒரு பகற்பொழுதைக் கழித்தோம். எமது கல்லூரியில் எம்முடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர், புனித லூசியாள் பேராலயப் பங்கைச் சேர்ந்தவர். அவர்களுடைய வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் உண்டு. உயிர்த்த ஞாயிறு கழிந்த சனிக்கிழமையில் எல்லோருமாகக் கடற்கரைக்குப் போய் வருவது அவர்களின் நெடுநாள் வழக்கம். "மாஸ்டர், இந்த முறை நீங்களும் வரவேணும், அம்மாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரவேணும்" என்று நண்பர் சொன்னார். அம்மாவைக் கூட்டி வரும்படி அவர் வற்புறுத்தியதற்குக் காரணம் இருந்தது. எமது அன்னையார் கடலின் அருகே போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதன் காரணமும் அவருக்குத் தெரியும்.

அதைச் சொல்வதற்குமுன் நண்பரைப் பற்றிச் சில வார்த்தை. அவர் தூத்துக்குடிப் பரதர் வழியினர். பாட்டனார் தோணியில் வந்து கொழும்பில் இறங்கி, கருவாட்டு வணிகத்தில் ஒருவரிடம் கணக்கெழுதத் தொடங்கியவராம். முத்துக்குளித்துறைப் பரதர்கள் 1530களில் கிறித்தவராயினர். 1542 இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே வந்து தொண்டாற்றினார் என்பது மாணாக்கர் சரித்திரத்திற் படித்திருக்கக்கூடியது. ஆனால், அதற்கு முன்பே மன்னார்ச் சலாபத்திற்கும் தூத்துக்குடிச் சலாபத்திற்குமாக மாறி மாறித் தோணியோட்டியவர்கள் அவர்கள். இரு கரையும் அவர்களுக்கு ஒன்றே. பிற்காலத்தில்தான் கடவுச்சீட்டும் குடியுரிமைச் சட்டமும் வந்து, ஒரு கரையை உள்நாடென்றும் மறு கரையை வெளிநாடென்றும் வகுத்தன. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தின்பின், பாட்டனார் தம் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு எத்தனை காரியாலயங்களுக்கு ஏறி இறங்கினார் என்பதை நண்பர் நகைச்சுவையாகச் சொல்வார். கேட்பவர்க்குச் சிரிப்பு வருவதில்லை. இந்நாட்டுக் குடிசன மதிப்பில் பரதர் தனி இனமாகக் குறிக்கப்பட்டது 2001 இல்தான். "நாங்கள் நாலாந் தலைமுறையாக வெளிநாட்டிலே இருக்கிறோம்" என்று அவர் சொல்லும்போது எது வெளிநாடு என்று நாம் கேட்பதில்லை. அவருக்கும் அது நிச்சயமில்லை.

அன்று காலை அவர்கள் கோட்டையில் ஏறினார்கள். நாம் வெள்ளவத்தையிற் காத்திருந்தோம். கரையோரப் புகையிரதப் பாதை 1894 இல் காலியையும் 1895 இல் மாத்தறையையும் எட்டிற்று. உலகிலே இத்துணை நெருக்கமாகக் கடலோடு ஒட்டி ஓடும் பாதைகள் அதிகம் இருக்கமாட்டா. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெற்கே, சன்னலோரத்தில் அமர்ந்தால், பெருங்காற்று நாட்களில் உப்புநீர் முகத்தில் தெறிக்கும். வடக்கே பார்த்தால், காலிமுகத் திடலுக்கு முன்னே கடலைத் தூர்த்து உருவாக்கிய 269 ஹெக்டேயர்த் துறைமுக நகரம் தெரியும். அழகுதான். ஆனால், 1859 இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் மக்கள் உலவுவதற்கென அத்திடலை அமைத்தபோது, அதன் வடமேற்கிலும் தொடுவானம்வரை கடலே கிடந்தது. இனி அங்கே கட்டடங்களைத்தான் பார்க்கவேண்டும்.

இப்பாதையைப் பற்றி எழுதும் எவரும் 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஐ மறக்கமுடியாது. நத்தாருக்கு மறுநாள், பூரணை, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக் கூட்டம் நிறைந்த புகையிரதம் ஒன்று காலையில் கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்டது. பெரலிய என்ற இடத்தில் ஆழிப்பேரலை அதனைச் சுருட்டி எறிந்தது. மாண்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர். வண்டி தெகிவளையைத் தாண்டியபோது எமது மகன் சன்னலால் எட்டிப் பார்த்து, "அப்பா, அலை வந்தால் நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டான். பெட்டியிலிருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரு கணம் மௌனமானார்கள். பிறகு நண்பரின் மனைவியார் ஒரு பணிசை எடுத்து அவன் கையில் வைத்தார். பேச்சு மாறிற்று.

கல்கிசையில் இறங்கினால் மணல் உண்டு, தென்னை உண்டு, பாறை முனையிலே பழைய தேசாதிபதி மாளிகையாகிய விடுதி உண்டு. 1805 முதல் 1811 வரை தேசாதிபதியாயிருந்த சர் தோமஸ் மெயிற்லண்ட் அங்கே இல்லம் அமைத்தார். நடனமாதொருத்தியைச் சுரங்க வழியாக அவர் வரவழைத்தார் என்றும், அவள் பெயரே ஊருக்கு ஆங்கிலப் பெயராயிற்று என்றும் கதை சொல்வர். உல்லாசப் பயணிகளுக்கு நல்ல கதை. நாம் நம்புவதில்லை.

மணலில் இரண்டு பெரிய பாய்களை விரித்தார்கள். கூட வந்திருந்த இளங் குருவானவர் சிறு செபமொன்று சொன்னார். தமிழில் ஒரு பாட்டு, சிங்களத்தில் ஒரு பாட்டு. எமது மகனுக்குச் சந்தேகம். "நானும் சிலுவை போடவேணுமா?" என்று காதிற் கேட்டான். நாம் வாய் திறக்குமுன் நண்பர் கேட்டுவிட்டார். "நீ கோயிலிற் கும்பிடுகிறதுபோலக் கும்பிடு, தம்பி. எங்கடையும் கோயில்தானே" என்றார். பெயரளவில் அது முற்றிலும் உண்மை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கத்தோலிக்கர் தம் ஆலயத்தைக் கோயில் என்றே சொல்வர். குருவானவரைச் சுவாமி என்பர்.

கொச்சிக்கடையில் இந்த இரண்டு கோயிலும் அருகருகே இருப்பதைக் கொழும்பு வாசகர் அறிவர். பொன்னம்பல முதலியார் 1856 இல் அமைத்து, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் புனித அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி ஏற்றுவோரில் நெற்றியில் திருநீறு அணிந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அத்திருத்தலத்தின் பிறப்புக்கும் கடலே காரணம் என்று மரபுவழிச் செய்தி ஒன்று சொல்லும். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலம். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர், வணிகர் வேடத்தில் மறைந்து வாழ்ந்தார். முகத்துவாரத்து மீனவர், "கடல் எங்கள் குடிசைகளை அரிக்கிறது, நிறுத்தித் தாரும், நாங்கள் உம்மைக் காப்போம்" என்றனர். அவர் கரையிலே சிலுவையை நாட்டி மூன்று நாள் செபித்தாராம். கடல் பின்வாங்கி மணற்றிடல் ஒன்றை விட்டுச் சென்றதாம். அதுகண்ட ஒல்லாந்தர் அவருக்கு நிலம் கொடுத்தனர் என்பது வரலாறு. கொச்சியார் கடை வைத்திருந்த இடம் கொச்சிக்கடை. ஆக, இத்தலத்தின் முதல்வரும் கடல் கடந்து வந்த ஒருவரே.

அவர்களுடைய கடற்கரைப் பயணம் 2019 இல் நின்றுபோயிற்று. அவ்வாண்டு சித்திரை 21 ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னர், அதே புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில், கொழும்பின் விடுதிகளில் என்று அன்று நாட்டில் மாண்டோர் 260 பேருக்கு மேல். நண்பர் குடும்பம் அவ்வேளை தம் பங்குக் கோயிலில் இருந்தது. சத்தம் அங்கே கேட்டது. அவர்கள் வட்டத்தில் அன்று வீடு திரும்பாதவர்களும் உண்டு. அடுத்த சனிக்கிழமைக்குச் சாப்பாட்டுச் சாமான் எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். அவை அமைதி வீடுகளுக்குப் போயின. ஊரடங்கு தளர்ந்ததும் நாம் கொட்டாஞ்சேனைக்குச் சென்றோம். சொல்வதற்கு எதுவும் இல்லாமல், நாற்காலியில் இருந்துவிட்டு வந்தோம். ஆனி 12 இல் திருத்தலம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் கடற்கரைக்குப் போவோம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் எழவில்லை. அடுத்து நோய்த்தொற்று, அதனை அடுத்து 2022 இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. ஐந்தாண்டு கழித்து இம்முறை எல்லோரும் புறப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நண்பரின் ஞானத்தாய் வைகாசியில் நாட்டைவிட்டுப் போகிறார்.

அந்த அம்மையார் சிங்களக் கத்தோலிக்கர். வயது எண்பத்து நான்கு. ஞானத்தாய் என்பது ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்பவர். தூத்துக்குடி வழிவந்த தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்கள மாதர் ஒருவர் ஞானத்தாய் ஆவது கொட்டாஞ்சேனையில் வழமையான காரியம். இரு குடும்பத்துக்கும் ஒரே போர்த்துக்கேயப் பின்பெயர். உறவு என்று நினைத்தால் உறவில்லை. அவருடைய மகன் இருபது ஆண்டுகளாக இத்தாலியில் இருக்கிறார். நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடையேயுள்ள வென்னப்புவையைச் 'சின்ன இத்தாலி' என்று சொல்லும் அளவுக்கு அப்பகுதியினர் அந்நாட்டுக்குச் சென்றுள்ளனர். இலங்கையர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் அங்கே வாழ்கின்றனர். எம்மவருக்குத் தொறொன்ரோ எப்படியோ, அவர்களுக்கு மிலான் அப்படி.

அம்மையாரை எமது அன்னையார் 'அக்கே' என்பார். அவர் அன்னையாரை 'நங்கி' என்பார். அக்காவும் நங்கையும் இரு மொழிக்கும் பொதுவாக இருப்பது தமிழாசிரியருக்கு மகிழ்ச்சி தருவது. ஆனால் எல்லாச் சொல்லும் அப்படி அன்று. அம்மையாரின் பேத்தி ஒருத்தி கடலில் நின்ற தன் தகப்பனாரைத் "தாத்தா! தாத்தா!" என்று கூவினாள். எமது மகள் சுற்றுமுற்றும் பார்த்து, "இவளுடைய தாத்தா எங்கே?" என்று தேடினாள். சிங்களத்தில் தாத்தா என்றால் தந்தை. விஷயம் விளங்கியதும் சிறுவர்கள் அன்று முழுவதும் எம்மையும் தாத்தா என்றே அழைத்தார்கள்.

எமது அன்னையார் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் அமர்ந்திருந்தார். காரணத்தை இனிச் சொல்லலாம்.

1983 ஆடியில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். எமக்கு மூன்று வயது. ஆடி 25 ஆந் தேதி காலையில் தெருவில் புகை எழுந்தபோது, இந்த அம்மையார் எம் வீட்டாரையும் நண்பரின் வீட்டாரையும் தம் வீட்டுக் களஞ்சிய அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். மூன்று இரவு. கும்பல் இரண்டு முறை வந்தது. அம்மையார் கையிற் செபமாலையோடு படலையில் நின்று, "இங்கே எங்கள் ஆட்கள் மட்டுந்தான்" என்றார். பெரியவர்கள் மூச்சடக்கி இருக்கலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு வாய் மூடுமா? தமிழிலே ஒரு சொல் வெளியே கேட்டால் எல்லாம் முடிந்தது. ஆகவே எம் வாயில் ஓயாமல் கித்துள் கருப்பட்டித் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தார்களாம். அந்தச் சுவை இன்னும் நினைவில் இருக்கிறது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். எமக்கு ஒன்றுமே நினைவில்லை. நண்பருக்கு அப்போது ஏழு வயது. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

பின்னர் பாடசாலை ஒன்றிலிருந்த அகதி முகாம். அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. புறப்படுமுன் அம்மையார் முகாமுக்கு வந்து மூன்றடுக்கு ரிபின் கரியர் ஒன்றில் சோறும் பருப்பும் கொடுத்துச் சென்றார். கப்பலின் தளத்தில் திறந்தவெளியில் சனக்கூட்டம். வாந்தி, அழுகை, மழை. அப்பயணம் எத்தனை மணிநேரம் என்று கேட்டால் அன்னையார் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்குச் சொல்வார். அதன்பின் அவர் கடலை நின்று பார்த்ததில்லை. எமது தந்தையார் காலமாகி, பிற்காலத்தில் எம்மோடு வெள்ளவத்தைக்கு வந்து குடியிருந்த இத்தனை ஆண்டுகளிலும், கடற்பக்கத்துச் சன்னலின் திரையை அவர் விலக்கியதில்லை.

அந்த ரிபின் கரியரை அன்னையார் விடவில்லை. 1995 ஐப்பசி 30 இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, வீட்டில் எத்தனையோ பெறுமதியான பொருள் கிடக்க, அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போது எமக்குப் பதினைந்து வயது, கோபம் வந்தது. இன்று காலை அதனைத் துலக்கி, மேலடுக்கில் பயற்றம் பணியாரமும், நடுவில் முறுக்கும், கீழே சர்க்கரைப் பொங்கலுமாக நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். "அக்கேயின் சாமான், அக்கேயிடம் போகவேணும்" என்று எம்மிடம் சொல்லியிருந்தார்.

கடலிற் குளித்தலைப் பற்றி மாணாக்கருக்கு ஒரு வார்த்தை சொல்லாமற் போகலாகாது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேல்கரைக் கடல் கொந்தளிக்கும். கார்த்திகை முதல் சித்திரை வரை பெரிதும் அடங்கியிருக்கும். அடங்கிய கடலிலும் அபாயம் உண்டு. அலைகள் கரையிற் கொண்டுவந்து கொட்டிய நீர், ஓரிடத்தில் ஒதுங்கி, வாய்க்கால்போல உள்ளே திரும்பி ஓடும். அவ்விடத்தில் அலை உடையாது. நீர் சற்று நிறம் மாறி அமைதியாகத் தோன்றும். நீந்தத் தெரியாதவர் அமைதி என்று எண்ணி அதிலேதான் இறங்குவர். இழுத்துச் செல்லும்போது கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் வலிமை உள்ளவரும் களைத்து அமிழ்வர். பதறாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தைவிட்டு விலகியபின் கரைக்குத் திரும்பவேண்டும். செங்கொடி கண்டால் இறங்கவே கூடாது. நண்பர் சிறுவர்களை இடுப்பளவு நீருக்கு மேல் விடவில்லை. கயிறொன்றைப் பிடித்துக் கரையில் நின்றுகொண்டே இருந்தார். எம் மகன் மணலைக் கிளறி, வெண்ணிறமான சிறு மணிகள் சிலவற்றைக் கொண்டுவந்து சிப்பி முத்தா என்று கேட்டான். அவை முத்தல்ல. 2021 வைகாசியில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஆனியில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிற் கலந்தன; இவையும் அவற்றில் சிலவாக இருக்கவேண்டும். கப்பலுக்குப் பெயர் முத்து!

மதியச் சாப்பாட்டை விரிவாக எழுதினால் பத்திராதிபர் வெட்டிவிடுவார். மீன் பற்றிஸ், கோழிப் புக்கை, சீனிச் சம்பலும் பாணும். எமக்கெனத் தனிப் பாத்திரத்தில், தனி அகப்பையோடு, மரக்கறிச் சோறும் கத்தரிக்காய்ப் பொரியற் கறியும். அந்தப் பாத்திரத்தை மற்றப் பாய்க்குக்கூட அவர்கள் கொண்டுபோகவில்லை. யாரும் அதனைச் சுட்டிப் பேசவுமில்லை. அன்னாசி அச்சாறு விற்றுவந்தவனிடம் சிறுவர்கள் மொய்த்தனர். பெண்கள் நெக்டோச் சோடாவைப் பங்கிட்டனர்.

இரண்டு மணியளவில் அம்மையார் எழுந்தார். "நங்கி, வாருங்கோ, கால் நனைப்போம்" என்று, அரைச் சிங்களமும் அரைத் தமிழுமாகச் சொன்னார். அன்னையார் தலையசைத்தார். அம்மையார் வற்புறுத்தவில்லை, கையை மட்டும் நீட்டியபடி நின்றார். எண்பத்து நான்கு வயது, கைத்தடியும் கொண்டுவரவில்லை. அவர் விழுந்துவிடுவாரோ என்று அஞ்சித்தான் அன்னையார் எழுந்தார் என்று நினைக்கிறோம். இருவரும் ஒருவரையொருவர் பிடித்தபடி ஈரமணல்வரை சென்றனர். ஓர் அலை வந்து கணுக்காலைத் தொட்டது. அன்னையார் சேலையை உயர்த்திக்கொண்டு ஏதோ ஏசினார். கடலையா, அம்மையாரையா என்று தெரியவில்லை. அம்மையார் சிரித்தார். கால்மணி நேரம் அங்கேயே நின்றார்கள். என்ன பேசினார்களோ, அன்னையார் இன்றுவரை சொல்லவில்லை.

பின்னர் பாயில் வந்திருந்து, பாலில்லாத தேநீரைக் கருப்பட்டியோடு பருகும்போது, அம்மையார் எம்மைப் பார்த்து, "இத்தாலியிலே எனக்கு யார் இருக்கிறார்கள், மாஸ்டர்? மகன் வேலைக்குப் போவான், மருமகள் வேலைக்குப் போவாள். பிள்ளைகள் பேசுகிற பாஷை எனக்குத் தெரியாது" என்றார். நாம் ஏதோ ஆறுதல் சொன்னோம். வெளியூரிற் பல காலம் இருந்து பழகியவர்கள் சொல்லும் ஆறுதல். எமக்கே அதில் நம்பிக்கை குறைவு. எம் மகள் உயர்தரப் பரீட்சை எழுதியபின் கனடாவுக்குப் போகவேண்டும் என்கிறாள். சித்தப்பா அங்கே இருக்கிறார். நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அன்று அவள் அம்மையாரின் அருகிலேயே அமர்ந்து, இத்தாலியில் குளிர் எப்படி, சோறு கிடைக்குமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலை வண்டியில் கூட்டம். பெண்களுக்கு ஒருவாறு ஆசனம் பிடித்தோம். சிறுவர்கள் மணலோடு உறங்கினார்கள். வெள்ளவத்தையில் நாம் இறங்கவேண்டும். வண்டி நிற்பது சிறிது நேரமே. இறங்கி மேடையில் நின்றபோது, சன்னலால் அம்மையார் ரிபின் கரியரை நீட்டினார். "இது உங்களுடையது அக்கே" என்று அன்னையார் இரண்டு கையாலும் அதனைத் திருப்பித் தள்ளினார். "எனக்குப் பிளேனில் இதற்கு இடமில்லை, நங்கி" என்றார் அம்மையார். வண்டி நகரத் தொடங்கியது. வேறு வழியில்லை, அன்னையார் வாங்கிக்கொண்டார். அம்மையாரின் கை சன்னலுக்கு வெளியே பம்பலப்பிட்டிப் பக்கமாகப் போய் மறைந்தது.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தோம். பணியாரமும் முறுக்கும் பொங்கலும் எடுத்து, மூன்றடுக்கையும் கடற்கரைக் குழாயிற் கழுவித் துடைத்திருந்தார். கீழடுக்கில் லவ் கேக், நடுவில் வாழைப்பழம், மேலடுக்கில், தேநீருக்கு எடுத்ததில் மிஞ்சிய கித்துள் கருப்பட்டி. எமது மகன் ஒரு துண்டை எடுத்து வாயிற் போட்டுக்கொண்டான்.